மோட்டாருக்கு ஓர் இடம்

"பாய்மரப் படகுன்னு சொல்றீங்க, அப்புறம் மோட்டார் எதுக்கு?" தாம்பரத்தில் என்னிடம் இதைக் கேட்காதவர்கள் குறைவு. நியாயமான கேள்விதான். கடல் எங்களுக்குப் பக்கம் என்று பெயர். நேர்கோட்டில் பார்த்தால் 15 கிலோமீட்டர் இருக்கும். ஆனாலும் ஏரிக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் நடுவே வளர்ந்த ஊர் இது. படகு என்றால் முட்டுக்காட்டில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்காரர்கள் ஓட்டுவதைத்தான் நினைப்போம்.

பாய்மரப் படகு பேருந்து மாதிரி கரையோடு ஒட்டி நிற்பதில்லை. கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்குள், மிதவை ஒன்றில் கட்டி நிற்கும். அதற்குப் போய்ச்சேர டிங்கி என்கிற குட்டிப் படகு வேண்டும். துடுப்புப் போட்டும் போகலாம். எதிர்க்காற்று எழுந்துவிட்டால் துடுப்பு எடுபடாது. அதனால் டிங்கியின் பின்பலகையில் ஒரு சின்ன மோட்டாரை மாட்டுவார்கள். காற்று செத்து, பாய் தொங்கிப் போகும் நாளில் டிங்கியைப் பெரிய படகின் விலாவில் கட்டி, அதே மோட்டாரை ஓட்டி ஊர்ந்தாவது துறைமுகத்துக்குள் வந்துவிடலாம். இவ்வளவு உபகாரம் செய்கிற மோட்டாரை, பாய் விரித்து ஓடும்போது எங்கே வைப்பது? டிங்கியிலேயே விட்டு இழுத்துக்கொண்டு போகக் கூடாது. கடல் அலையில் டிங்கி கவிழ்ந்தால் மோட்டார் போச்சு. கழற்றிப் படகில் ஏற்றித்தான் ஆக வேண்டும். படகோ 22 அடி.

இந்தச் சிக்கலோடு சில வருடம் நான் வாழ்ந்தேன். தொண்ணூறுகளின் பின்பாதி அது.

அப்போது நான் சேலையூர் கேம்ப் ரோட்டில் ஓர் இன்ஜின் பட்டறையில் வேலை பார்த்தேன். ஐ.டி.ஐ. முடித்த கையோடு சேர்ந்தது. மாடம்பாக்கம், அகரம்தென் பக்கம் வயல்கள் இன்னும் மிச்சமிருந்த காலம். பம்ப்செட் இன்ஜின்கள் வரும். பல்லாவரம், திரிசூலம் கல்குவாரிகளிலிருந்து கம்ப்ரஸர்கள் வரும். பிறகு கோவளத்திலிருந்து கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக மீனவர்களின் மோட்டார்கள் வேனில் வந்து இறங்க ஆரம்பித்தன. கட்டுமரத்திலும் ஃபைபர் படகிலும் மாட்டுகிற மோட்டார்கள். அவர்கள் அதை மிஷின் என்பார்கள். பட்டறையில் அதைத் திறக்க மற்றவர்கள் தயங்கினார்கள். உப்பு கடித்த போல்ட்டு எந்த நேரத்தில் முறியும் என்று சொல்ல முடியாது. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அப்படித்தான் சார் என்னைத் தேடி வந்தார்.

சார் பெருங்களத்தூரில் குடியிருந்தார். சரக்குக் கப்பல்களில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்னைத் துறைமுகத்துக்குள் ஒரு சின்னப் பாய்மரப் படகு வைத்திருந்தார். துறைமுகத்துக்குள் பாய்மரப் படகா என்று எனக்கே ஆச்சரியம். ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-லிருந்து அங்கே இருக்கிறது என்று அவர்தான் சொன்னார். அதைத் தொடங்கிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அப்போதைய துறைமுகப் பொறுப்புக் கழகத் தலைவர். ஒரு பக்கம் கண்டெய்னர் தூக்கும் கிரேன்கள், இன்னொரு பக்கம் தும்பிச் சிறகு விரித்தது போல் வெள்ளைப் பாய்கள். முதல் தடவை பார்த்தபோது வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

மோட்டார் 3.3 குதிரைத் திறன், டூ ஸ்ட்ரோக், 13 கிலோ. படகில் வைக்க ஒழுங்கான இடம் இல்லாததால் சார் அதைப் பெருங்களத்தூர் வீட்டிலேயே வைத்திருந்தார். படகோட்டப் போகும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அது கூடவே பயணம் செய்தது. பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் வடித்து, கார்புரேட்டரையும் காலி செய்து, கோணியில் சுற்றிக் கட்டுவோம். தாம்பரத்தில் மீட்டர் கேஜ் மின்சார ரயில், கூடைக்காரர்கள் ஏறும் பெட்டி. பீச் ஸ்டேஷனில் இறங்கி, ராஜாஜி சாலையைத் தாண்டி, துறைமுக வாசலில் பாஸ் காட்டி, கோணியைப் பிரித்துக் காட்டி, மறுபடி சுற்றி, தோளில் போட்டு நடப்பது. சாருக்கு அறுபதைத் தாண்டிய வயது. ஒருநாள் படிக்கட்டில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "தம்பி, இதுக்குப் படகுலயே ஒரு இடம் பண்ணிக் குடுத்துடு. நீ என்ன கேட்டாலும் வாங்கித் தரேன்."

படகின் பின்பலகையில் மாட்டும் மோட்டாரை 1909-ல் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்து பெயர் வாங்கியவர் ஓலே எவின்ரூட். கழற்றி எடுக்கலாம், தோளில் தூக்கலாம், எந்தப் படகிலும் மாட்டலாம் என்பதுதான் அதன் பெருமை. கழற்றிய பிறகு வைக்கும் இடம் படகைச் செய்கிறவரின் கணக்கிலும் வரவில்லை, மோட்டாரைச் செய்கிறவரின் கணக்கிலும் வரவில்லை. வாங்குகிறவன்தான் தேட வேண்டும்.

சாருக்கு முன்பு அந்தப் படகை வைத்திருந்தவர் மோட்டாரைக் கேபினுக்குள், படிக்கட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார். பார்ப்பதற்கு அதுதான் நல்ல இடம். எடை படகின் நடுவில், தாழ்வாக இருக்கும்; வெயில் படாது; திருட்டுப் பயமில்லை. ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது. அது மேலே எழும்பிக் கலைந்து போகாது. கீழே இறங்கி, தரைப்பலகை இடுக்கு வழியாக அடிவயிற்றில் போய்த் தேங்கும். வீட்டில் ஜன்னலைத் திறந்தால் நெடி போய்விடும். படகின் அடிவயிற்றுக்கு ஜன்னல் கிடையாது. மேலே ஒருவர் டீ போட அடுப்பைப் பற்றவைப்பார், இல்லையென்றால் பேட்டரி சுவிட்சைத் தட்டுவார். ஒரு பொறி போதும். டேங்கைக் காலி செய்துவிட்டோம் என்பது சமாதானம் ஆகாது. கார்புரேட்டரிலும் குழாயிலும் ஒட்டியிருக்கிற மிச்சமே அந்தச் சின்ன அறையை நெடியால் நிரப்பிவிடும். கப்பலில் முப்பது வருடம் இன்ஜின் அறையைப் பார்த்த சார், நான் விளக்கி முடிக்கும் முன்பே கையைக் காட்டி நிறுத்தினார். "உள்ளே வேண்டவே வேண்டாம்."

அடுத்தது உட்காரும் பலகைக்குக் கீழிருந்த பெட்டி. கயிறு, நங்கூரம், உயிர்காப்புச் சட்டை எல்லாம் அதில் போட்டிருந்தார்கள். அதன் அடி மூடியிருந்து, ஆவியும் தண்ணீரும் நேரே படகுக்கு வெளியே போக ஓட்டை இருந்திருந்தால் அது சரியான இடம். பெட்ரோல் டப்பாவையும் அப்படிப்பட்ட பெட்டியில்தான் வைக்க வேண்டும். இந்தப் பெட்டியின் அடியோ படகின் அடிவயிற்றோடு சேர்ந்திருந்தது. அதோடு பெட்டி சரிவாக இருந்தது. மோட்டார் அதில் நுழைய வேண்டுமென்றால் தலை கீழும் கால் மேலுமாகத்தான் நுழையும்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இந்த வகை மோட்டாருக்குத் தலை என்பது சிலிண்டரும் கார்புரேட்டரும் இருக்கும் மேல்பகுதி. கால் என்பது நீளமாகத் தண்ணீருக்குள் இறங்கி, முனையில் விசிறியோடு முடியும் பகுதி. கடல் தண்ணீரைக் கால் வழியாக உறிஞ்சித்தான் தலை குளிர்கிறது; புகையும் அதே கால் வழியாகத்தான் வெளியேறுகிறது. ஓடி முடித்த மோட்டாரின் காலுக்குள் உப்புத் தண்ணீர் தங்கியிருக்கும். தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்தினால் அந்தத் தண்ணீர் புகைப் பாதை வழியாக இறங்கி சிலிண்டருக்குள் போய்விடும். ஒரு வாரம் அப்படிக் கிடந்தால் பிஸ்டன் ரிங் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். இப்படிக் கெட்ட மோட்டார்களைப் பட்டறையில் நான் நிறையத் திறந்திருக்கிறேன். "நல்லா ஓடிட்டிருந்துச்சு, சும்மாதான் வெச்சிருந்தேன்" என்பார்கள். கெடுத்தது அந்தச் சும்மா வைத்திருந்த நேரம்தான்.

மிச்சம் இருந்தது பின்பக்கத்துக் கம்பி வேலி. படகின் பின்விளிம்பைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு வளைந்திருக்கும் எஃகுக் குழாய். திறந்த வெளி, ஆவி தங்காது, மோட்டார் நிமிர்ந்து நிற்கும். ஆனால் கடல் தெறிக்கும், வெயில் அடிக்கும். 13 கிலோ படகின் கடைக்கோடியில், உயரத்தில் நிற்கும். நடுவில் இருந்தால் தெரியாத எடை கோடியில் இருந்தால் அலைக்கு அலை படகை அதிகம் தலையாட்ட வைக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை பாய்க்கயிறு. படகு திரும்பும்போது பாயோடு அதன் அடிக்கட்டையும் (பூம் என்பார்கள்) கயிறும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசிப் பாயும். அந்தக் கயிறு மோட்டாரின் தலையில் மாட்டினால் வேலி வளையும், இல்லை கயிறு அறுந்து பாய் கைவிட்டுப் போகும். பலத்த காற்றில் அது ஆளைக் கொல்கிற விஷயம்.

ஆக ஆவிக்கு வெளியே வேண்டும், எடைக்கு உள்ளே வேண்டும், மோட்டாருக்கு நிமிர்ந்து நிற்க வேண்டும், கயிற்றுக்கு வழியில் எதுவும் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கேட்டால் கிடைக்காது. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது என்று பிரிக்கத்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதைக் கோவளத்தில் கற்றுக்கொண்டேன்.

ஆற்காட்டு நவாப் காலத்தில் கோட்டை இருந்த ஊர் அது. 1752-ல் கிளைவ் பிடித்தான், பிறகு கோட்டை போய்விட்டது. மீனவர்கள் இருக்கிறார்கள். சரிசெய்த மிஷின் ஒன்றைக் கொண்டுபோய் மாட்டிக் கொடுக்க ஒருநாள் விடிகாலையில் போயிருந்தேன். படகுகள் திரும்பும் நேரம். அங்கே படகு துறையில் வந்து கட்டாது; அலையைப் பார்த்து, சரியான அலையின் முதுகில் ஏறி மணலுக்கு வரும். கரை நெருங்கும்போது பின்னால் இருப்பவர் மிஷினை அண்ணாத்தித் தூக்கிவிட வேண்டும். ஒரு நொடி தவறினால் விசிறி மணலில் குத்தும். நம் கரைக்கு மோட்டார் ஒத்துவராமல் இருந்ததற்கு இந்த அலைதான் காரணம். ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் 1979-ல் தொடங்கி, சென்னையில் அலுவலகம் வைத்து நடத்திய வங்காள விரிகுடாத் திட்டத்தில், கரையேறும்போது மேலே தூக்கிக்கொள்ளக்கூடிய விசிறி அமைப்புக்காகவே வருடக்கணக்கில் உழைத்தார்கள்.

படகு மணலில் நின்றதும் நான் கவனித்தது மீனை அல்ல. மிஷின் சொந்தக்காரர், வயதானவர், வலையைத் தொடுவதற்கு முன் மிஷினுக்குத்தான் போனார். நிறுத்துவதற்குச் சற்று முன்பே மண்ணெண்ணெயை மூடிப் பெட்ரோலுக்கு மாற்றியிருந்தார். மண்ணெண்ணெய் கார்புரேட்டரில் தங்கினால் அடுத்த நாள் குளிரில் மிஷின் கிளம்பாது. மாட்டியிருந்த திருகைத் தளர்த்தும் முன் ஒரு கயிற்றை எடுத்து மிஷினின் கைப்பிடியில் போட்டு, மறுமுனையைப் படகில் கட்டினார். பிறகுதான் திருகு.

"ஏன் ஐயா, கரைக்குத்தான் வந்துட்டோமே?" என்றேன்.

"பழக்கம் தம்பி. கயிறு முதல்ல, திருகு அப்புறம். கடல்ல ஒருநாள் மறந்தா போதும், ரெண்டு வருச சம்பாத்தியம் அடியில போயிடும்."

அவர் மகன் முப்பத்தைந்து கிலோவுக்குக் குறையாத அந்த மிஷினைத் தோளில் வாங்கி, மணலில் ஏறி நடந்தான். தலை மேலே, கால் முதுகுப் பக்கம் தாழ்ந்து தொங்க. பனைமரத்தடியில் ஓலைக் கொட்டகை. அதில் இரண்டு சவுக்குக் கட்டைகளை ஆழ நட்டு, குறுக்கே ஒரு தடிப் பலகை அடித்திருந்தார்கள். மிஷின் அதில் போய் உட்கார்ந்தது. கீழே வாய் வெட்டிய நீல டிரம். கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, காலை அதில் முக்கி, கொஞ்ச நேரம் ஓட்டி உப்பைக் கழுவினார்கள். பக்கத்துத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பெரியவர் விரலை நீட்டிப் பார்த்தார். பெட்ரோலை மூடி, தானாக அணையும்வரை விட்டார். திருகுகளில் கிரீஸ் தடவினார். சங்கிலி போட்டுப் பூட்டினார். கடைசியில் பழைய பருத்தி வேட்டி ஒன்றை அதன்மேல் போர்த்தினார். பிளாஸ்டிக் ஷீட் போட்டால் உள்ளே வேர்க்கும், அந்த வேர்வை இரும்பைத் தின்னும் என்றார்.

"மிஷின் நிக்கணும். படுக்கவெச்சே ஆகணும்னா தலை ஒசரத்துல, காலு தாழ்வுல. வேற ஒண்ணும் இல்ல."

இந்த இரண்டும்தான் விடவே கூடாதவை என்று எனக்கு அங்கே புரிந்தது. காற்றோட்டம், நிமிர்வு. எடையையும் வெயிலையும் கயிற்றையும் வேறு வழியில் சமாளித்துக்கொள்ளலாம். மிஷின் கம்பி வேலிக்குத்தான் போக வேண்டும்.

உருண்டைக் குழாயில் மோட்டாரின் திருகு நிற்காது, வழுக்கும். மேற்குத் தாம்பரத்தில் பழைய மரக்கடை ஒன்றில், இடித்த வீட்டின் தேக்கு நிலைச்சட்டம் கிடைத்தது. ஒன்றரை அங்குலக் கனத்துக்கு இழைத்து, வேலியின் நிமிர்ந்த கால்கள் இரண்டுக்கும் நடுவே துருப்பிடிக்காத யு போல்ட்டால் இறுக்கினோம். குழாய்க்கும் பலகைக்கும் இடையில் ரப்பர். பலகையின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, திருகின் வட்டு பதியும் அளவுக்கு இரண்டு குழி எடுத்தேன். திருகு தளர்ந்தாலும் மோட்டார் மேலே நழுவி எழும்ப முடியாது. இன்னொன்றில் சார் பிடிவாதமாக இருந்தார்: மோட்டாரின் தலை வேலியின் உச்சிக் குழாயைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும். அதற்காகப் பலகையை இரண்டு தடவை இறக்கினோம். மறுகோடியில் நங்கூரச் சங்கிலியை மாற்றிவைத்து எடையைச் சமன் செய்தார்.

தூக்குவதுதான் இனி. 13 கிலோ, பட்டறைத் தரையில் ஒரு எடையே இல்லை. ஆடுகிற ரப்பர் டிங்கியில் கால் பரப்பி நின்று, அதை நெஞ்சுக்கு மேலே தூக்கி, படகின் விளிம்பைத் தாண்டிக் கொடுக்கும்போது அது வேறு எடை. தூக்குகிறவன் முன்னால் சாய்ந்தால் டிங்கி பின்னால் போகும். இடைவெளியில் விழுவது மோட்டாரா ஆளா என்பது அன்றைய அதிர்ஷ்டம். எனவே பூம் முனையில் இரட்டைக் கப்பி இரண்டைக் கட்டினோம். நான்கு மடி கயிறு. ஒரு கையால் இழுத்தால் மோட்டார் எழும்பும். பூமை வெளியே தள்ளினால் டிங்கிக்கு மேல், உள்ளே இழுத்தால் பலகைக்கு மேல்.

கப்பிக் கொக்கியை எதில் மாட்டுவது? மோட்டாரின் கைப்பிடியில் மாட்டினால் அது சாய்ந்து சுற்றும். இரும்புலியூரில் ஆட்டோவுக்கும் வேனுக்கும் சீட் கவர் தைக்கிற கடை ஒன்று இருந்தது. அங்கே மோட்டாரைக் கொண்டுபோய், கூரை உத்திரத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டோம். கயிற்றை விரல் அகலம் விரல் அகலமாக நகர்த்தி, தலை மேலே, கால் நேர் கீழே என்று அது அசையாமல் நிற்கும் புள்ளியைப் பிடித்தோம். அந்த இடத்தில் சாக்கட்டி. தைக்கிறவர் நைலான் பெல்ட்டை எடுத்து, தலைக்குக் கீழே கழுத்தைச் சுற்றி ஒரு வார், முன்னும் பின்னுமாக மேலேறும் இரண்டு வார், சாக்கட்டிக் குறிக்கு நேர் மேலே சேரும் கைப்பிடி என்று வெட்டினார். சேரும் இடங்களில் சதுரம் போட்டு, சதுரத்துக்குள் குறுக்குமறுக்காகத் தைத்தார். சீட் பெல்ட்டுக்குப் போடுகிற தையல். மீதமிருந்த வெள்ளை கித்தானில் அடி திறந்த உறை ஒன்றும் தைத்துக் கொடுத்தார். கடலையே பார்க்காத தையல் மிஷினில் பிறந்த அந்த வார் பல வருடம் உழைத்தது. தைத்தவருக்கு அதில் இருந்த கவனத்தை நான் இன்றும் மதிக்கிறேன்.

ஒரு மாசி மாதம் விடியுமுன் கிளம்பிக் கோவளம்வரை போனோம். துறைமுக வாயைத் தாண்டியதும் டிங்கியிலிருந்து மோட்டாரை ஏற்றினோம். கயிறு முதலில், திருகு அப்புறம். தெற்கே போகப் போகத் திருவான்மியூர், நீலாங்கரை, பனையூர் என்று கரை நகர்ந்தது. மேற்கே தூரத்தில் பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் மங்கலாகத் தெரிந்தன. எங்கள் ஊர் அதற்கு அந்தப் பக்கம். சார் வழக்கமாகக் கடலில் அதிகம் பேசுவார். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற கப்பல் பாய் விரித்தே 1938-ல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்த கதை அவருக்கு மிகப் பிடிக்கும். அன்று பேசவில்லை. வேலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோவளத்துக்கு நேரே படகைத் திருப்ப வேண்டியிருந்தது. காற்று முதுகுக்குப் பின்னால். பாய் ஒரே வீச்சில் மறுபக்கம் போகும். கயிறு தளர்ந்து, வளைந்து, வேலியின் மூலைக்கு வந்தது. வெள்ளை உறைமேல் விழுந்தது. உறையின் வழுவழுப்பில் சறுக்கி, உச்சிக் குழாயைத் தொட்டு, அந்தப் பக்கம் போய்விட்டது. சார் ஒன்றும் சொல்லவில்லை. என் தோளை அழுத்திப் பிடித்தார். அந்தச் சமயம் பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஃபைபர் படகிலிருந்து ஒரு குரல். அந்தப் பெரியவரின் மகன். எங்கள் வேலியைக் கைகாட்டி, "மிஷின் நிக்குதுண்ணே!" என்று கத்தினான். அன்றிலிருந்து அது படகைவிட்டு இறங்கியது பழுதுபார்க்க மட்டும்தான். ரயிலில் கோணி மூட்டை சுமப்பது நின்றது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் எனக்குச் சொந்தமாக ஒரு பட்டறை இருந்தது. சுனாமிக்குப் பிறகு வந்த வாரங்களில் நான் தொட்டவை எல்லாம் மூழ்கி எடுத்த மிஷின்கள். மனிதர்களை இழந்த வீடுகளில் மிஷினைப் பற்றிப் பேச வாய் வராது. அவர்களேதான் கொண்டுவந்தார்கள், அதுதான் அடுத்த வேளைச் சோறு என்று தெரிந்ததால். கொண்டுவரும் முன் பலர் அன்போடு ஒரு காரியம் செய்திருந்தார்கள்: துடைத்து, வெயிலில் காயவைத்திருந்தார்கள். அதுதான் கெடுதல். தண்ணீருக்குள் கிடக்கும்வரை இரும்பைத் துரு மெதுவாகத்தான் தின்கிறது; வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் மணிக்கணக்கில் பிடிக்கிறது. உடனே பிரிக்க ஆளில்லை என்றால் நல்ல தண்ணீர் டிரம்மில் முழுசாக முக்கி வைத்துவிட வேண்டும். கயிறு இழுத்துக் கிளப்பிப் பார்க்கவே கூடாது. சிலிண்டருக்குள் நிற்கும் தண்ணீரை நசுக்க முடியாது. பிஸ்டனைத் தள்ளும் கம்பிதான் வளையும். கோவளத்துக்குப் போய் ஆளாளுக்கு இதைச் சொன்னேன். கொட்டகை வாசல்களில் டிரம்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு மிஷின்.

பிரிக்கும்போது பிளக்கைக் கழற்றி, தலையைக் கீழே சாய்த்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றித் தண்ணீரை வடிப்போம். மோட்டாரைத் தலைகீழாகப் பிடிக்கலாம் என்று நான் ஒப்புக்கொள்ளும் ஒரே சந்தர்ப்பம் அது. பிறகு நல்ல தண்ணீர், பிறகு எண்ணெய், அன்றைக்கே ஓட்டிச் சூடாக்கி உலர்த்துவது. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை. டிரம்மில் கிடந்தவற்றில் பல திரும்பக் கடலுக்குப் போயின.

இன்று சின்ன மோட்டார்களும் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறிவிட்டன. அடியில் எண்ணெய் இருப்பதால் நினைத்த பக்கம் படுக்கவைக்க முடியாது. எந்தப் பக்கம் என்பதை உறையிலேயே படம் போட்டிருப்பார்கள், பாருங்கள். எடையும் கூடிவிட்டது. மின்சார மோட்டார்களும் வந்துவிட்டன. அவற்றுக்கு ஆவிப் பயமில்லை, பேட்டரியைத் தனியாகக் கழற்றி உள்ளே கொண்டுபோகலாம். ஆனால் அந்தப் பேட்டரிக்கு ஈரமும் சூடும் ஆகாது, அதற்கும் ஒரு இடம் யோசிக்க வேண்டும். படகு வாங்கப் போகிறேன் என்று வருகிற இளைஞர்களிடம் நான் விலையையும் குதிரைத் திறனையும் பேசுவதில்லை. மோட்டார் எங்கே நிற்கும் என்று முதலில் காட்டச் சொல்வேன்.

பாய்மரப் படகு வைத்திருப்பவர் எப்படியோ ஒரு பலகை அடித்துக்கொள்வார். எனக்குக் கவலை கரையைப் பற்றித்தான். கொட்டிவாக்கத்திலிருந்து கோவளம்வரை மீனவர்கள் மிஷின் வைக்கும் மணல் குறுகிக்கொண்டே வருகிறது. ஒரு பக்கம் கடல் அரிக்கிறது, இன்னொரு பக்கம் மதில் சுவர்கள் நெருங்குகின்றன. 2021-ல் கோவளம் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. சுத்தமான கரை எல்லோருக்கும் நல்லது, எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்தக் கரையை முதலில் பழக்கத்தில் வைத்திருந்தவர்களுக்கு ஓலைக் கொட்டகையும் சவுக்குக் கட்டையும் அழுக்கு அல்ல, தொழிற்கூடம். பல இடங்களில் மிஷினை இப்போது தெருவைத் தாண்டி வீட்டுத் திண்ணைவரை சுமக்கிறார்கள். தூரம் கூடக் கூட, கழுவுவதும் வடிப்பதும் நாளைக்கு என்று தள்ளிப்போகும். மிஷினின் ஆயுள் அங்கேதான் குறைகிறது.

2011-ன் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவர்களின் பொதுச் சொத்துகளையும் மீன் உலர்த்தும் இடங்களையும் வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. குறிக்கும் அதிகாரிகளுக்கும், கடற்கரையை அழகுபடுத்தத் திட்டம் தீட்டும் பொறியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். படகு ஏறி நிற்கும் மணலுக்குப் பக்கத்திலேயே, மிஷின்கள் நிமிர்ந்து நிற்க ஒரு நீளக் கொட்டகைக்கு இடம் விடுங்கள். நாலு பக்கமும் காற்று வரட்டும். ஒரு நல்ல தண்ணீர்க் குழாயும் வையுங்கள். எங்கே போடுவது என்று தெரியவில்லை என்றால், காலையில் படகு வரும் நேரத்துக்குப் போய் நின்று, மிஷினைத் தோளில் வாங்குகிறவனிடம் கேளுங்கள்.